ஸ்கேட்போர்டுக்குப் புது ட்ரக் வேண்டுமா, புஷ்ஷிங் போதுமா?

கவின்: மாமா, ஸ்கேட்போர்டுக்குப் புது டெக் (நிற்கும் பலகை) வந்துவிட்டது. இதுவும் 8.25 இன்ச் அகலம்தான். பழைய இண்டிபெண்டன்ட் 144 ட்ரக்கையே (டெக்கின் அடியில் வீல்களைத் தாங்கித் திருப்பும் உலோகப் பாகம்) மாட்டவா, அதுவும் புதிதாக எடுக்கவா? பழையது திரும்பவே மாட்டேன் என்கிறது. ஏஸ், தண்டர், வென்ச்சர் என்று ஆளுக்கு ஒரு பிராண்டு சொல்கிறார்கள். ஓட்டும்போது அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

இனியா அக்கா: தெரியும்டா. போர்டில் ஏறி நின்று இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தாலே தெரியும். நான் ஏஸ் கட்சி.

பாரி மாமா: இனியா போலில் (கிண்ணம் மாதிரிக் குழிந்த தளத்தில்) ஓட்டுகிறவள், அவளுக்கு ஏஸ் பிடிக்காமல் இருக்காது. லேசாகச் சாய்ந்ததுமே வளைவுக்குள் இறங்கிவிடும், இன்னும் சாய்ந்தால் இன்னும் உள்ளே போகும். ஆக்சில் கொஞ்சம் உள்வாங்கி இருப்பதால் வீல்பேஸும், அதாவது முன், பின் ஆக்சில்களின் இடைவெளியும், குறுகும். இறுக்கமான வளைவுக்கு அருமை.

இனியா அக்கா: ஆனால் தளர்வாக வைத்து 56 மில்லிமீட்டர் வீல் மாட்டினால் வீல்பைட் நிச்சயம் மாமா. டெக்கின் அடியில் வீல் உரசிய வடு பிறை மாதிரி பதிந்துவிடும்.

கவின்: வென்ச்சர்?

பாரி மாமா: நேர் எதிர். நடுவில் நிற்கவே விரும்பும், திருப்ப வேண்டுமென்றால் கணுக்காலை நன்றாக அழுத்த வேண்டும். படிக்கட்டு தாண்டி இறங்கும்போது கால் சற்றுக் கோணலாக விழுந்தாலும் போர்டு நேராக ஓடும். லெட்ஜில் (திண்டு விளிம்பில்) கிரைண்டு, அதாவது ட்ரக்கால் உரசிச் சறுக்குவது, பூட்டினால் பூட்டியபடியே போகும். தெருவில் ஓட்டுகிறவர்கள் பலர் அதை விடாமல் இருப்பது அதனால்தான். தண்டர் இரண்டுக்கும் நடுவில் என்று பலர் நினைக்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதன் குணமே வேறு. உயரம் குறைவு. காலை லேசாக அசைத்தால் சட்டென்று பதில் சொல்லும், அதே வேகத்தில் நடுவுக்குத் திரும்பிவிடும். ஆழமாக வளையாது, ஆனால் சுறுசுறுப்பு.

இனியா அக்கா: ஆலி (போர்டின் பின்முனையான டெயிலை அடித்து போர்டோடு குதிப்பது) அடிக்கும்போதும் மாறும், அதைச் சொல்லுங்கள்.

பாரி மாமா: ஆமாம், முக்கியம். தண்டர், வென்ச்சர் இரண்டிலும் ஆக்சில் வெளிப்பக்கம் தள்ளி இருக்கும். சில மில்லிமீட்டர்தான். ஆனால் டெயில் நுனிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தூரம் குறைந்துவிடுவதால் டெயிலை அடிக்கக் கூடுதல் பலம் வேண்டும். ஒரே டெக், ட்ரக் மட்டும் மாறினால் முதல் நாள் ஆலி கைக்கு வராது. பழகும் வரை திட்டத் தோன்றும்.

கவின்: அப்போ இண்டி?

பாரி மாமா: 1978-லிருந்து வருகிறது. எவ்வளவு சாய்கிறாயோ அவ்வளவு திரும்பும், நடுவில் எங்கேயும் திடீர் என்று விழாது. உயரம் சுமார் 55 மில்லிமீட்டர், அதனால் கொஞ்சம் பெரிய வீலும் தாங்கும். அது திரும்பவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் ட்ரக் மேல் இல்லை. கிங்பின்னை, ட்ரக்கின் நடு போல்ட்டை, கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

கவின்: [படம்]

பாரி மாமா: நினைத்தேன். நட்டுக்கு மேலே எத்தனை மரை வெளியே தெரிகிறது பார். அவ்வளவு இறுக்கினால் எந்த ட்ரக்கும் திரும்பாது. மேல் புஷ்ஷிங் (கிங்பின்னைச் சுற்றியுள்ள மெத்தை வளையம்) வாஷரைத் தாண்டிப் பிதுங்கி நிற்கிறது, ஓரத்தில் வெடிப்பும் இருக்கிறது. திரும்பும்போது கிரீச் என்று கத்துகிறதா?

கவின்: ஆமாம்! எப்படித் தெரியும்?

பாரி மாமா: ஹேங்கரின் (ஆக்சில் இருக்கும் பாகம்) மூக்கு உட்காரும் சின்னக் கிண்ணமான பிவட் கப் தேய்ந்திருக்கும். கழற்றிப் பார், ஓட்டை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தால் மாற்று. நன்றாக இருந்தால் உள்ளே கொஞ்சம் சோப்பைச் சுரண்டிப் போடு, சத்தம் போய்விடும்.

அம்மா: அண்ணா, தளர்த்தினால் வேகமாகப் போகும்போது போர்டு ஆடாதா? அன்றைக்கு இறக்கத்தில் ஒரு பையன் ஆடி ஆடி விழுந்த வீடியோ பார்த்தேன். பயமாக இருக்கிறது.

பாரி மாமா: நல்ல கேள்வி மா. அந்த ஆட்டம் பெரும்பாலும் பின் ட்ரக்கில் தொடங்கும். உடம்பின் எடை பின்காலில் இருந்தால் இன்னும் மோசம். முன்காலில் எடையை வைக்கச் சொல்லிப் பழக்கு. மலை இறக்கத்துக்கென்று ஓட்டுகிறவர்கள் வேறு ட்ரக் மாட்டுவார்கள், கிங்பின் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். முன்னால் 50 டிகிரி பேஸ்பிளேட் (டெக்கில் மாட்டும் அடித்தட்டு), பின்னால் அதைவிடக் குறைந்த டிகிரி, அதனால் பின்பக்கம் அடங்கி வரும். இவன் ஓட்டுவது சமதளம். எடைக்கு ஏற்ற புஷ்ஷிங் போட்டால் போதும்.

கவின்: என் எடைக்கு எது?

பாரி மாமா: நீ ஒல்லி. 90ஏ (புஷ்ஷிங்கின் கடினத்தைச் சொல்லும் எண்) சுற்றி இருப்பது உனக்குக் கடினம், அதனால்தான் திரும்பவில்லை. 80-களில் ஒன்று எடு. வாஷர் கையால் சுற்ற முடியாத அளவுக்கு மட்டும் நட்டை இறுக்கு, அங்கேயே நிறுத்து. புது புஷ்ஷிங் முதலில் விறைப்பாகத்தான் இருக்கும், அதற்காக உடனே மாற்றாதே.

இனியா அக்கா: ஏஸ் எப்படி என்று தெரியணும் என்றால் சனிக்கிழமை என் போர்டை எடுத்துக்கோ. வீல் 52 தான், கடிக்காது.

கவின்: சரி அக்கா. மாமா, அப்போ புஷ்ஷிங்கும் பிவட் கப்பும் மட்டும் மாற்றுகிறேன்.

பாரி மாமா: இரண்டு ட்ரக்குக்கும் சேர்த்து மாற்று. முன்னால் புதுசு, பின்னால் பழசு என்று ஓட்டாதே.

அம்மா: ஹெல்மெட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா.

பாரி மாமா: ஹெல்மெட் இல்லாமல் இனியாவின் போர்டைத் தொடக்கூடாது. ஏஸ் முதல் வளைவிலேயே நினைத்ததைவிட அதிகமாகத் திரும்பும்.