42 வயதில் வேலையை விட்டு மரப்பட்டறை: கணக்கு சரியா, எதைத் தவறவிடுகிறேன்?

இழைப்புளி கேட்டது:

வயது 42. மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளர். கணவரும் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இருவர், 9 வயதும் 5 வயதும். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது.

ரூபாய், டாலர் கணக்கில் போகாமல் விகிதமாகவே சொல்கிறேன். ஓராண்டுக் குடும்பச் செலவு 1 என்றால் கையில் இருக்கும் சேமிப்பு 16. கணவரின் சம்பளம் கைக்கு வருவது 0.6. நான் வேலையை விட்டால் ஆண்டுக்கு 0.4 துண்டு விழும்.

வேலையை விட நினைப்பதற்குக் காரணம் இரண்டு. வீட்டை ஒட்டியுள்ள ஷெட்டில் மரச்சாமான் செய்யும் சிறு பட்டறை போடுவது ஒன்று. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது மற்றது. தெரிய வேண்டியவை: 16 போதுமா? பட்டறையிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம்? ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

"மனசு சொல்வதைக் கேளுங்கள்" வகைப் பதில்கள் வேண்டாம். மனசு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

கணக்குப்பிள்ளை பதில்:

கணவர் வேலையில் இருக்கும்வரை 16 தாராளம். அவர் வேலை போனால் அந்த மாதமே அது போதாது.

0.4-ஐ 16-ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். முதலீடு விலைவாசியோடு சமமாக மட்டும் வளர்ந்தால்கூட 40 ஆண்டு வரும். அவர் சம்பளமும் நின்றால் முழு 1-ஐ எடுக்க வேண்டும், 6.25 சதவீதம். அதே வளர்ச்சியில் 16 ஆண்டில் காலி. அப்போது உங்களுக்கு வயது 58. ராஜினாமா கடிதம் உங்களுடையது, சுமை அவருடையது. எனவே முதல் வேலை அவரோடு உட்கார்ந்து பேசுவது: எத்தனை ஆண்டு இந்த வேலையில் நிற்கச் சம்மதம், அவருக்கும் இப்படி ஒரு ஆசை உண்டா, உண்டென்றால் எந்த வயதில். பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். "பார்த்துக்கலாம்" என்பது பதிலில் சேராது.

அடுத்து காப்பீடு. பெரும்பாலான வீடுகளில் வேலையை விடுபவர் பெயரில்தான் யோசிப்பார்கள். இங்கே தலைகீழ். அவர் பெயரில் ஆயுள் காப்பீடும், உடல் முடியாமல் போனால் வருமானம் தரும் காப்பீடும் வேண்டும். தொகை குறைந்தபட்சம் அவர் ஓய்வு பெறும்வரை வரவேண்டிய 0.6-களின் கூட்டுத்தொகை. இன்னும் 15 ஆண்டு என்றால் 9.

இணையத்தில் எங்கு பார்த்தாலும் "ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேமிப்பு இருந்தால் போதும்" என்பார்கள். அதன் மூலம் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் வெளியிட்ட கட்டுரை. முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டு போனால் அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரக் கலவை 30 ஆண்டு தாங்கியது என்று கண்டார். 30 ஆண்டு, அமெரிக்கச் சந்தை. இரண்டையும் மறந்துவிட்டு 42 வயதுக்காரர் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது சட்டையளவு பார்த்துச் செருப்பு வாங்குவது மாதிரி. 45, 50 ஆண்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டி நிற்பது நல்லது. அது 33 மடங்கு. கணவரின் சம்பளம் இல்லாமலேயே நடத்த வேண்டுமானால் உங்களுக்கு அவ்வளவு தேவை.

16 என்ற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். பிள்ளைகளின் மேற்படிப்பு அதற்குள் இருக்கிறதா? மூத்தவருக்கு 9 ஆண்டில், இளையவருக்கு 13 ஆண்டில் பணம் தேவை. அதற்கு 2 ஒதுக்கினால் மீதி 14, எடுப்பு 2.86 சதவீதமாகிறது. பட்டறைக்கான முதலையும் இதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

"1" என்ற செலவும் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். 12 மாத வங்கிக் கணக்கை எடுத்துக் கூட்டுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஆண்டுக்கொரு முறை வராத செலவுகளை ஆயுளால் வகுத்துச் சேருங்கள்: 10 ஆண்டு ஓடும் வண்டி என்றால் விலையில் பத்தில் ஒரு பங்கு. பல், கூரை, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் இதே கணக்கு. அலுவலகம் சத்தமில்லாமல் கட்டிவந்தவை இனி உங்கள் தலையில்: மருத்துவக் காப்பீடு, போன், மடிக்கணினி.

கடைசியாக, சந்தை விழும் வரிசை, அதாவது வீழ்ச்சி முதலில் வருகிறதா, பிறகு வருகிறதா என்பது. 100 இருக்கிறது, ஆண்டுக்கு 5 எடுக்கிறீர்கள். முதல் ஆண்டே 5 எடுத்த பிறகு சந்தை 30 சதவீதம் விழுந்தால் மிச்சம் 66.5. அடுத்த 5 இப்போது 7.5 சதவீதம். திரும்ப 100-ஐத் தொட 50 சதவீதம் ஏற வேண்டும், அதுவும் நீங்கள் எடுத்துக்கொண்டே இருக்கும்போது. இதே வீழ்ச்சி 15 ஆண்டு வளர்ந்த பிறகு வந்தால் இவ்வளவு வலிக்காது. அதனால் முதல் சில ஆண்டுகளுக்கு மூன்று ஆண்டுத் துண்டை, உங்கள் கணக்கில் 1.2, சந்தையில் வைக்காமல் வைப்புத்தொகையில் வைத்திருங்கள்.

கொட்டாப்புளி பதில்:

பட்டறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

விலை போடுவதில்தான் முதல் ஆண்டில் முக்கால்வாசிப் பேர் கவிழ்கிறார்கள். நாளைக்கு 8 மணி, ஆண்டுக்கு 220 நாள் என்றால் 1760 மணி நேரம். தேவையான வருமானத்தை 1760-ஆல் வகுத்து மணிக்கூலி போடுகிறார்கள். காசாகும் நேரம் அதில் பாதிதான், 880. மீதி எங்கே போகும்? மரம் தேடி அலைவது, வரைபடம், வாடிக்கையாளரோடு மூன்று சுற்றுப் பேச்சு, உளி தீட்டுவது, கூட்டிப் பெருக்குவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒரு சாதாரண ஸ்டூலுக்கு இழைக்க, அறுக்க 3 மணி, மூட்டுகளுக்கு 4, உப்புத்தாளுக்கு 3, ஒட்ட, பூச்சுக்கு 3 என்று 13 மணி வைத்தால், இந்த மேல்வேலைகள் இன்னொரு 8, 10 மணியைத் தின்னும். ஷெட் உங்களுடையது என்றாலும் வாடகை இருப்பதாகவே கணக்கில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஷெட் சம்பாதிப்பதை நீங்கள் சம்பாதித்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

உங்களுக்கு மாலை வேண்டுமென்றால் 8 மணி நேரமும் கிடைக்காது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் போகவர, சமையல் எல்லாம் கழித்தால் 5 மணி. பள்ளி நாட்கள் 190 என்றால் 950 மணி, பாதி காசானால் 475. முதல் இரண்டு ஆண்டு பட்டறை வருமானத்தைப் பூஜ்யமாகவே வைத்துத் திட்டமிடுங்கள். வந்தால் லாபம்.

இன்னொரு சிக்கலையும் யாரும் சொல்ல மாட்டார்கள். மரச்சாமான் வாங்குபவர் வேலைக்குப் போகிறவர். அவர் வந்து பார்க்க வசதியான நேரம் மாலையும் சனி ஞாயிறும். அதாவது எந்த நேரத்துக்காக வேலையை விடுகிறீர்களோ, அதே நேரம். வாரத்தில் ஒரு மாலை மட்டும், முன்பதிவோடு என்று முதல் நாளிலேயே பலகை மாட்டிவிடுங்கள். பிறகு மாற்றினால் கோபம் வரும்.

ஒட்டும் வேலையைப் பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். வெள்ளைப் பசையைத் தடவினால் கிளாம்ப் (மூட்டை அழுத்திப் பிடிக்கும் இடுக்கி) இறுக்க 10 நிமிடம்தான் கிடைக்கும். பாதியில் "அம்மா" என்று குரல் கேட்டுப் போய் வந்தால் மூட்டு உட்காராது, பசை தோல் கட்டியிருக்கும், பிரித்துச் சுரண்டித் திரும்பச் செய்ய வேண்டும். இறுக்கியபின் கிளாம்பில் அரை மணி முதல் ஒரு மணி, முழு வலுவுக்கு 24 மணி. எனவே அன்றைய கடைசி வேலையாக ஒட்டிவிட்டு, இரவெல்லாம் கிளாம்பில் விட்டுவிடுவதே சரி.

முதலில் வாங்க வேண்டியது ஈரப்பதம் பார்க்கும் மீட்டர். பெரிய இயந்திரத்துக்கு அவசரமில்லை. வீட்டுக்குள் போகும் சாமானுக்கு 8 முதல் 12 சதவீதம். ஈர மரத்தைக் காற்றில் உலர்த்த ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. 90 செ.மீ அகல மேசைப் பலகை, ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி மாறினால் மர வகையைப் பொறுத்து அரை முதல் ஒரு செ.மீ வரை அகலத்தில் சுருங்கும், விரியும். அதைச் சட்டத்தோடு அசையாமல் திருகிவிட்டால் ஒரு பருவம் மாறியதும் நடுவில் பிளக்கும். திருகுத் துளையை நீள்வட்டமாகப் போடுங்கள். பிளந்து திரும்பி வரும் ஒரே ஒரு மேசை மூன்று மேசை லாபத்தை விழுங்கும்.

வீட்டோடு ஒட்டிய ஷெட் என்பதால் இரண்டு எச்சரிக்கை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. தூசி உறிஞ்சி, முகக்கவசம், வீட்டுக்குள் திறக்கும் கதவுக்கு அடைப்பு, வேலை உடுப்போடு பிள்ளைகளைத் தூக்காமல் இருப்பது, நான்கும் வேண்டும். அடுத்தது ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணி. கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் மூடி வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் ஷெட்டில் தொழில் நடப்பதைத் தெரிவிக்காவிட்டால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

இழைப்புளி:

இருவருக்கும் நன்றி. 0.6 தான் அடித்தளம் என்பதை நான் இந்தக் கோணத்தில் பார்க்கவே இல்லை. முழுதாக விடாமல் வாரம் மூன்று நாள் வேலை கேட்பது எப்படி?

"மாலை நாலு மணி" என்ற பெயரில் ஒருவர் பதில்:

கேட்கலாம், ஆனால் வாங்கும் விதம் முக்கியம். நாட்களை மட்டும் குறைத்தால் சம்பளம் 60 சதவீதம், வேலை 90 சதவீதம் என்று முடியும். மேலாளர் வேலையில் இது இன்னும் மோசம், விடுப்பு நாளிலும் முடிவு கேட்டு அழைப்பு வரும். ஆள் நிர்வாகம் இல்லாத பொறுப்பாக மாற்றிக் கேளுங்கள்: எந்தத் திட்டங்கள் கைமாறுகின்றன, எந்தக் கிழமைகளில் அழைப்பு கிடையாது, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை. எல்லாம் எழுத்தில். ராஜினாமாவுக்கு முன்தான் இதைக் கேட்க முடியும், கடிதம் கொடுத்தபின் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றுமில்லை. சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டா என்றும் பாருங்கள். மூன்று நாளுக்கு 0.4 வந்தாலே துண்டு இல்லை, சேமிப்பைத் தொட வேண்டாம். மூன்றாண்டு இப்படி ஓட்டினால் சந்தை வரிசை பயமும் பாதி தீரும்.

எதுவானாலும், முதலில் ஆறு மாதம் உங்கள் சம்பளம் வராதது போலவே வாழ்ந்து பாருங்கள். அது வரும் கணக்கைத் தொடாமல், ஒவ்வொரு மாதமும் சேமிப்பிலிருந்து துண்டை மட்டும் எடுங்கள். 0.4 உண்மையா 0.55-ஆ என்று மூன்றாம் மாதமே தெரியும்.

கடிதத்துக்கு முன், வரிசை மாறாமல்:

போனஸ், பங்கு ஒதுக்கீடு கைக்கு வரும் தேதி. நோட்டீஸ் காலத்தில் இருந்தாலே போனஸ் கிடையாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும், அதனால் பணம் கணக்கில் விழுந்தபின் கடிதம். பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் விதி, மிச்ச விடுப்புக்குப் பணம் உண்டா, இரண்டையும் படியுங்கள்.

அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருந்தால், குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைக்கும் திட்டம் என்றால் அது இப்போதே ஓட ஆரம்பிக்கும். கணவரின் அலுவலகக் காப்பீட்டை மட்டும் நம்பினால் மறுபடியும் எல்லாம் அவர் வேலையில் தொங்கும்.

கடன் வசதி, கடன் அட்டை தேவையென்றால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே. எடுத்துவிட்டுத் தொடாமல் வையுங்கள்.

அலுவலக மின்னஞ்சல், அலுவலக போன் எண்ணில் பதிந்திருக்கும் வங்கி, வரி, பள்ளிக் கணக்குகளை மாற்றுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் கடைசி நாளில் சிம் போய்விட்டால் ஓடிபி வராமல் வங்கி வாசலில் நிற்க நேரிடும்.

இனி வீடு. வேலையை விட்டவர் அம்மா என்றால், சுற்றியிருக்கும் எல்லோரும் அவரை "சும்மா இருப்பவர்" கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கேஸ் எடுக்க, கூரியர் வாங்க, உறவினரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்தான், ஆனால் அது அந்த 475-லிருந்து போகிறது. இப்போது வீட்டில் யார் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் இருவரும் எழுதுங்கள். வேலையை விட்டபின் எது உங்களுக்கு மாறும், எது மாறாது என்று அந்தத் தாளிலேயே குறியுங்கள். சமையல் முழுதும் உங்களிடம் வந்தால் பட்டறை பொழுதுபோக்காகிவிடும், அதைத் தெரிந்தே முடிவு செய்தால் தப்பில்லை. உங்கள் பெயரில் தனிக் கணக்கும், மாதம் கேட்காமல் வரும் ஒரு தொகையும் இருக்கட்டும். இருபது ஆண்டு சம்பாதித்தவர் ஒரு உளி வாங்கக் கணவரிடம் கேட்கும் நிலை இரண்டாம் ஆண்டில் கசக்கும்.

5 வயதுப் பிள்ளைக்கு மாலையில் அம்மா வேண்டும். 9 வயதுக்கு இன்னும் நாலைந்து ஆண்டில் நண்பர்களும் பூட்டிய கதவும்தான் வேண்டும். ஆகவே "குடும்ப நேரம்" என்று 15 ஆண்டை ஒரே கட்டாகப் போடாமல் முதல் ஐந்தாண்டைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். வேலைக்குத் திரும்பிப் போகும் எல்லைக் கோட்டை இப்போதே போடுங்கள், நிலைமை இறுகியபின் போட்டால் ஒவ்வொரு மாதமும் கோடு நகரும். உதாரணத்துக்கு: சேமிப்பு 12-க்குக் கீழ் இறங்கினால், அல்லது கணவருக்கு நான்கு மாதம் வேலை இல்லையென்றால், நீங்கள் விண்ணப்பம் போடத் தொடங்குவது. அதற்குத் தொழில்முறைச் சான்றிதழ்களைக் காலாவதியாக விடாதீர்கள், ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிறு ஒப்பந்த வேலை செய்யுங்கள். பழைய குழுவில் யாராவது மூன்று பேரிடமாவது தொடர்பு இருக்கட்டும்.

அவர் சம்பளம் விலைவாசியோடு ஏறுகிறதா என்றும் ஆண்டுதோறும் பாருங்கள். 6 சதவீத விலையேற்றத்தில் செலவு 12 ஆண்டில் இரட்டிப்பாகும். அவர் சம்பளம் 4 சதவீதமே ஏறினால் 12 ஆண்டு முடிவில் 0.6 ஏறக்குறைய 0.48 ஆகிவிடும், 0.4 துண்டு 0.52.

இழைப்புளி:

மூன்று நாள் கேட்பதாக முடிவு. ஆறு மாதச் சோதனை அடுத்த சம்பளத்திலிருந்து. கொட்டாப்புளி, ஈரப்பத மீட்டரில் ஊசி வைத்ததா, மேலே வைப்பதா?

கொட்டாப்புளி:

ஊசி வைத்தது. பலகை முனையில் குத்தாதீர்கள், அங்கே பெரும்பாலும் உலர்ந்ததாகவே காட்டும். ஒரு முழம் உள்ளே தள்ளி, மூன்று இடம்.