புதுப்பிப்பு: வைஸ் எமுலேட்டரில் திக்கித் திக்கி வந்த சத்தம் சரியாகிவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, லினக்ஸில் வைஸ் எமுலேட்டரை (பழைய கமடோர் 64 வீட்டுக் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) திறந்தால் கமடோர் 64 இசையெல்லாம் மழைக்காலத்து மார்த்தாண்டம் பஸ் மாதிரி குலுங்குகிறது என்று. இப்போது சரி.

ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து நாகர்கோவில் வரை போய்ப் புதுசு வாங்கினேன். தண்டச்செலவு. அப்புறம் டெர்மினலில் பிடபிள்யூ-டாப் (pw-top, எந்த நிரலின் சத்தம் நேரத்துக்கு வரவில்லை என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்த்தால், வைஸ் இருந்த வரியில் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. என் கணினியில் பைப்வயர் (நிரல்களின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் லினக்ஸ் மென்பொருள்) ஒரு தடவைக்கு 1024 சாம்பிள், அதாவது ஒலித் துணுக்கு, கேட்கிறது. 48,000 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 சாம்பிள்) அது சுமார் 21 மில்லிவினாடி. நானோ தாமதம் குறையட்டும் என்று வைஸின் ஒலி பஃபரை (முன்கூட்டியே சேர்த்து வைக்கும் சத்தத்தின் அளவு) 15 மில்லிவினாடியில் வைத்திருந்தேன். எப்படிப் போதும்? 60 ஆக்கியதும் வெட்டு நின்றது. சத்தம் ஒரு இம்மி பிந்தி வருகிறது, விளையாடும்போது தெரியவில்லை.

60 ஹெர்ட்ஸ் திரையையும் சந்தேகப்பட்டேன், பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) வகை கமடோர் 50 ஹெர்ட்ஸ் ஆயிற்றே. ஆனால் அந்தக் குறை படம் நகரும்போதுதான் தெரிகிறது.

மிச்சம் ஒன்று இருந்தது: கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினால் மறுபடி திக்கல். சிபியூ கவர்னர் (செயலியின் வேகத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பவர்சேவுக்குப் போனதுதான் காரணம். வேகத்தைக் குறைக்காத பெர்ஃபார்மன்ஸில் வைத்ததும் தீர்ந்தது.

புது ஸ்பீக்கரை அண்ணன் மகன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.