ரேட் கூட்டிக் குடுத்தும் டெய்லர் நிக்க மாட்டேங்கறாங்க

பனியன்காரன்:
திருப்பூர்ல, மத்த கம்பெனிக்குப் பனியன் தைச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேனுங்க. தையல் மெஷின்ல ஓவர்லாக் 6, பேட்லாக் 4, சிங்கர் 3. கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்து 18 பேர் வேணும், இருக்கறது 11. கேட்டுல தொங்கற 'டெய்லர் தேவை' போர்டு வெயில்ல வெளுத்து, இப்ப 'தேவை' மட்டும்தான் தெரியுது. போன மாசம் பக்கத்து யூனிட்டை விட பீஸுக்கு 25 பைசா சேர்த்துக் குடுத்தேன். நாலு பேர் வந்தாங்க. மூணு பேர் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிட்டுப் போனவங்கதான், திங்கக்கிழமை போன் கூட எடுக்கலை. இன்னும் எவ்வளவுதான் கூட்டறதுங்க?

அனுப்பர்பாளையம் அக்கா:
ஏனுங்கண்ணா, நான் 19 வருஷமா பேட்லாக் ஓட்டறேன். 600 பீஸ் அடிச்சா உங்க 25 பைசா 150 ரூபா. சரி, கட்டிங் (தைக்க வெட்டின துணி) வரலை, நூல் கலர் சேரலைன்னு மத்தியானம் வரைக்கும் சும்மா உட்கார வச்சா? அந்த 150ம் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு. அப்புறம், ரேட்டை எப்பச் சொல்றீங்க? பண்டலைக் கையில குடுத்துட்டு "சனிக்கிழமை பேசிக்கலாம்"னு சொல்ற இடத்துல நான் உட்காரவே மாட்டேன்.

இன்னொண்ணு, சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. முன்னாடி ஒரு கம்பெனில பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆணியில எலாஸ்டிக் துண்டு ஒண்ணு கட்டியிருப்பாங்க. உள்ள போனா ஒரு கையால அதை இழுத்துப் பிடிச்சுக்கணும். ரேட் அங்கதான் ஜாஸ்தி. ஆறாவது நாள் வேலையை விட்டு நின்னுட்டேன். எதுக்கு நின்னேன்னு ஓனர் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
இப்ப இருக்கற 11 பேருக்கே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்டாயம் சார், 10 பேர்னாலே வந்துரும். மாசம் 16,000 வாங்கறவங்க பங்கு 0.75%, அதாவது 120 ரூபா. உங்க பங்கு 3.25%, 520 ரூபா. "பிடிச்சா டெய்லரே வேண்டாங்கறாங்க"ன்னு சொல்லப் போறீங்க. சொல்லத்தான் செய்வாங்க. 120 போறது கண்ணுக்குத் தெரியுது. நோவு வந்து படுத்தா சம்பளத்துல 70% வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் வரும், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் வரும்னு யாராவது உட்கார்ந்து சொன்னாத்தானே தெரியும்? பி.எஃப். 20 பேர் ஆனாத்தான். நீங்க ஏன் 18லயே நிக்கறீங்கன்னு புரியுதுங்க, அதுக்குள்ள நான் போகலை.

பனியன்காரன்:
சார், 18 பேருக்கு மேல வேலை குடுக்க மெஷின் இல்லைங்க, நம்புங்க. இ.எஸ்.ஐ. கொஞ்சம் பேருக்குத்தான் போட்டிருக்கேன், அது என் தப்பு.

அக்கா, நானும் சனிக்கிழமைதான் ரேட் சொல்றேன். வேலை குடுக்கற பார்ட்டி எனக்கே வெள்ளிக்கிழமைதான் முடிவாச் சொல்றாங்க. இனிமே ரேட் பேசாம கட்டிங்கை உள்ள இறக்க விடறதில்லை, வண்டி வெளியவே நிக்கட்டும். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு பாத்ரூம் பக்கம் போய்ப் பார்த்தேன். யூனிட் ஆரம்பிச்சு நாலு வருஷத்துல லேடீஸ் பாத்ரூம் கதவை இன்னிக்குத்தான் திறக்கறேன். தாழ்ப்பாள் இருக்கு. பல்பு இல்லை.

அனுப்பர்பாளையம் அக்கா:
பல்பு போடுங்கண்ணா. போர்டுல புதுசா பெயிண்ட் அடிக்கறப்ப ரேட்டையும் சேர்த்து எழுதி, போட்டோ எடுத்து இங்கயே போடுங்க. எங்க லைன் வீட்டுல ரெண்டு ஓவர்லாக் டெய்லர் சும்மா இருக்காங்க, காட்டறேன்.