ஃபெர்ரான்டே–டைக்கர் எல்பி: வயலின் சரி, பியானோ மட்டும் அலைகிறது

ரீங்காரம்:
இரண்டு பியானோவில் சேர்ந்து வாசித்த ஃபெர்ரான்டே–டைக்கர் ஜோடியின் திரைப்பட இசைத்தட்டு (எல்பி), 1960களில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டது. ‘எக்ஸோடஸ்’ இசையில் வயலின்கள் நன்றாகவே இருக்கின்றன. பியானோ நீண்டு ஒலிக்கும் இடத்தில் சுருதி ஆடுகிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டில் கரகரப்பு வேறு. தட்டா, பிளேயரா?

வட்டப்பாதை:
இரண்டும் தனித்தனிக் கோளாறு. வயலின் கூட்டத்தில் எல்லோரும் விரலை அதிரவைத்து வாசிப்பதால் சிறிய பிசகு அதில் கரைந்துவிடும். பியானோவில் அடித்த சுரம் அசையாமல் நிற்கணும், அதனால் உடனே காட்டிக்கொடுக்கும்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆட்டமும் அதே இடைவெளியில் வந்தால் ஊசிக்கையைப் பாருங்க. பக்கவாட்டில் போய்வந்தால் நடுத்துளை மையம் விலகியிருக்கு. மேலும் கீழும் ஆடினால் தட்டு வளைஞ்சிருக்கு. இடைவெளி ஒழுங்கில்லாமல் வந்தால் தட்டைச் சுழற்றும் பெல்ட்டைச் சந்தேகப்படுங்க.

ரீங்காரம்:
பக்கவாட்டில்தான் சார், மொத்தம் 1 மி.மீ. போல.

வட்டப்பாதை:
அப்போ துளை 0.5 மி.மீ. விலகியிருக்கு, ஆட்டத்தில் பாதிதான் விலகல். ஊசிக்கை அதிகபட்சம் வெளியே தள்ளப்படும் இடத்தில் தட்டை நிறுத்தி, துளையிலிருந்து ஊசியை நோக்கிய பக்கம் லேபிளில் பென்சிலால் குறிங்க. மெல்லிய உருண்டை அரத்தால் அந்த விளிம்பை மட்டும் 0.5 மி.மீ. தேய்த்து, ஊசிப் பக்கத்திலிருந்து தட்டை உள்ளே தள்ளி வைத்துப் போடுங்க. தூளைத் துடைக்காமல் ஊசியை வைக்காதீங்க. அரிதான தட்டு என்றால் அரமே வேண்டாம், முடிந்தால் இன்னொரு பிரதி தேடுங்க.

ஊசிமுனை:
கரகரப்புக்கு வர்றேன். வெளி வட்டத்தில் பள்ளம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுது, கடைசிப் பாட்டு இருக்கும் உள் வட்டத்தில் 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கிவிடுவதால், இரண்டு பியானோவும் சேர்ந்து ஓங்கி அடிக்கும் இடத்தைத் தேய்ந்த ஊசியால் பின்தொடர முடியாது. ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று பலர் நினைக்கிறாங்க, நேர்மாறு. ஊசி சுவரை விட்டுத் துள்ளி, திரும்ப மோதித்தான் பள்ளம் கெடுது. உங்க கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) 1.5–2.5 கிராம் கேட்டால் 2க்கு மேலேயே வைங்க. பிறகு கார்ட்ரிட்ஜைப் பொருத்த உதவும் அளவுத்தாள் வைத்து அதன் கோணத்தைச் சரிபாருங்க. அப்பவும் போகலைன்னா நீள்வட்ட முனை ஊசி மாற்றிப் பார்க்கலாம்.

நாடாப்பெட்டி:
கம்ப்யூட்டரில் ஏற்றுவதாக இருந்தால் 24 பிட் பதிவு, ஒலி அளவின் உச்சம் −6 டெசிபல். இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடாதீங்க, பியானோவின் வால் ஒலியை அது தின்றுவிடும். சொடுக்கு நீக்கியைக் குறைந்த அளவில் வைங்க. அதிகமானால் பியானோ விசை விழும் முதல் ஓசையையே சொடுக்கென்று வெட்டும். தட்டு மோனோ (ஒற்றைத் தட ஒலி) என்றால் இடது, வலது தடங்களைக் கூட்டிச் சேமிங்க, பாதி இரைச்சல் அதிலேயே அடங்கும்.