முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் தொடர்ந்து எடுக்கலாமா?

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் எடுத்துவரும் என் தாயார் (வயது 67), முழங்கால் வலிக்காகத் தாமாகவே கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் பல வாரங்களாக விழுங்குகிறார், கேட்டால், "சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன்" என்கிறார். இது சரியா?

பதில் 1: தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருளின் சுரப்பையே இம்மருந்து இரத்தத்தில் கலந்து தடுப்பதால், சாப்பிட்ட பின் எடுத்தாலும் புண்ணும் இரத்தக்கசிவும் வரலாம். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தமும் குறைவதால், டெல்மிசார்ட்டனோடு சேரும்போது ஆபத்து கூடுகிறது. இரத்த அழுத்தமும் ஏறும். மலம் தார்போல் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

பதில் 2: இன்னொரு வலி மாத்திரையான பாராசிட்டமால் வயிற்றுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச வரம்பு. மீறினால் கல்லீரல் கெடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால், அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

பதில் 3: மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும், அது அம்மாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.