புது போலீஸ் ஸ்டேஷன்: ரிப்பன் வெட்டினா போதுமா?

தெருவிளக்கு:
புறநகர்ல புது போலீஸ் ஸ்டேஷன் வேண்டாம்னு சிலர் சொல்றாங்க. ஆனா புறநகர் விரிஞ்சுக்கிட்டே போகுது. புகார் கொடுக்க ரெண்டு பஸ் மாறணும்னா பல பேர் போகவே மாட்டாங்க. பெரிய ஸ்டேஷனோட எல்லையைப் பிரிச்சுப் புதுசு திறந்தா ஒரு ரோந்து வண்டி சுத்த வேண்டிய தெருவும் குறையும். இதைப் போய் எதுக்கு எதிர்க்கணும்?

கணக்குப்புள்ளை:
கட்டடத்தை யாரும் எதிர்க்கல, ஆள் இல்லாத கட்டடத்தைத்தான். பாரா, அதாவது வாசல் காவல், மாதிரி ஒரு இடத்துக்கு நாளைக்கு மூணு ஷிஃப்ட், வாரத்துக்கு 21. வார விடுப்பு போக ஒருத்தர் 6 ஷிஃப்ட் பார்ப்பார். ஆக, ஒரு இடத்துக்கு மூன்றரை ஆள். பாரா, வயர்லெஸ், வரவேற்பு, ரோந்து வண்டியில ரெண்டு பேர்னு அஞ்சு இடத்துக்குப் பதினேழரை. கோர்ட் டியூட்டி, சம்மன், பந்தோபஸ்து எதுவும் இதுல சேரல. இருக்கிற பலத்தையே ரெண்டாப் பிரிச்சா, இந்தப் பதினேழரையும் விசாரணையிலிருந்துதான் உருவப்படும்.

தெருவிளக்கு:
ரோந்தை ஏன் சார் சுமைக் கணக்குல எழுதறீங்க? அதுக்குத்தானே ஸ்டேஷனே கேக்கறோம். வரவேற்புக்கு ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம். மிஞ்சிப்போனா பத்துப் பேர்.

கணக்குப்புள்ளை:
சரி, பத்துன்னே வெச்சுக்குவோம். அந்தப் பத்துக்கும் அரசாணையில புதுப் பணியிடம் இருக்கணும். "அயல்பணி"ன்னு (வேற இடத்து ஆளைத் தற்காலிகமா அனுப்பறது) போட்டிருந்தா பழைய ஸ்டேஷன் பட்டியல்லதான் கை வைப்பாங்க.

எல்லைக்கல்:
நீங்க ரெண்டு பேரும் அரசு அறிவிக்கையை மறந்துட்டீங்க. பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த சட்டம்) பிரிவு 2 வரையறைப்படி, அரசு அறிவிச்சாத்தான் அது காவல் நிலையம்; அதுவரை வெறும் கட்டடம். அந்த அறிவிக்கையில எல்லையைச் சாலைப் பேரை மட்டும் போட்டு எழுதினா வம்பு. நடுக்கோடு வரையா, வட ஓரம் வரையான்னு சொல்லணும். இல்லேன்னா வடக்கு வரிசைக் கடையில திருட்டு போனா ரெண்டு ஸ்டேஷனும் கையை விரிக்கும். எஃப்ஐஆர் பதியற போலீஸ் கணினி வலையமைப்பான சிசிடிஎன்எஸ்ஸில் புது நிலையக் குறியீடும் திறப்புக்கு முன்னாடியே ஏறியிருக்கணும்.

தெருவிளக்கு:
2024 ஜூலை 1-லிருந்து அதே சட்டத்தோட பிரிவு 173 இருக்கே! குற்றம் எங்க நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம்.

எல்லைக்கல்:
சட்டத்துல இருக்கு. கவுன்ட்டர்ல நடக்கிறது வேற: புகார் வந்ததுக்கான சிஎஸ்ஆர் ரசீதை எழுதிக் கையில கொடுத்து அனுப்புவாங்க. அது எஃப்ஐஆர் இல்ல. பதிய மறுத்தா 173(4)-ன்படி புகாரின் சாரத்தை எழுதி எஸ்பிக்குத் தபால்ல அனுப்பலாம். ஆணையரகம்னா துணை ஆணையருக்கு.

கணக்குப்புள்ளை:
இன்னொண்ணு, கேமரா. 2020 டிசம்பர்ல பரம்வீர் சிங் சைனி வழக்குல உச்ச நீதிமன்றம் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறைன்னு இடம் இடமாச் சொல்லியிருக்கு. பதிவு 18 மாசம் இருக்கணும். கருவி தாங்காதுன்னாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. 14 கேமரா, தலா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்துல பதிவானா நாளைக்குச் சுமார் 300 ஜிபி. 16 டெராபைட் டிஸ்க் 53 நாள்ல நிறைஞ்சு, பழசு மேலேயே எழுத ஆரம்பிச்சிடும். ஒரு வருஷத்துக்கே 110 டெராபைட் வேணும். திறப்பு விழா அன்னிக்கு எல்லாத் திரையும் பளிச்சுன்னுதான் இருக்கும்!

தெருவிளக்கு:
டிஸ்க் மாட்ட ஒரு நாள் வேலை. அதுக்காகத் திறப்பைத் தள்ளிப் போடச் சொல்றது எனக்குச் சரியாப் படல.

கணக்குப்புள்ளை:
மாட்ட ஒரு நாள்தான். வாங்கறதுக்கு டெண்டர் விடணுமே. கட்டட மதிப்பீட்டுலயே சேர்த்துட்டா அந்த அலைச்சல் இல்ல.