கேபினெட் மாற்றியதிலிருந்து கணினி தானாக அணைகிறது: எஸ்எம்பிஎஸ் கீழே இருப்பதுதான் காரணமா?

கடலோரன் (புதிய உறுப்பினர்):
அனைவருக்கும் வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். பழைய கேபினெட்டில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணினியை, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த புதிய கேபினெட்டுக்கு மாற்றினேன். உள்ளே இருப்பவை எல்லாம் பழைய பாகங்கள்தாம். ஒன்றைக்கூடப் புதிதாக வாங்கவில்லை. ஆனால் இப்போது விளையாட்டோ வீடியோ ரெண்டரிங்கோ ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது. பழையதில் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) மேலே இருந்தது, இதில் கீழே இருக்கிறது. எனக்குத் தெரிந்து வேறுபாடு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கல்யாண வீடியோவை முடித்துக் கொடுக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதா, கேபினெட்டைத் திருப்பிக் கொடுப்பதா?

நாலாம் மாடி:
இவ்வளவை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, நண்பரே. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், எத்தனை ஆண்டுகள் பழையது, கிராஃபிக்ஸ் கார்டு எது, சிறிது நேரம் என்பது இரண்டு நிமிடமா அரை மணி நேரமா என்பதையெல்லாம் எழுதுங்கள். இவற்றைவிட முக்கியமாக, அணைந்தவுடன் தானாகவே மீண்டும் எழுகிறதா, பொத்தானை அழுத்தினால் எழுகிறதா, அல்லது அழுத்தினாலும் எழ மறுக்கிறதா என்பதைச் சொல்லுங்கள்.

திருகாணி:
கேபினெட் மாற்றியபின் வரும் கோளாறுகளில் நான் முதலில் சந்தேகிப்பது மதர்போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளைத் தாங்கிகளைத்தான். புதிய கேபினெட்டுகளில் சில தாங்கிகளைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்புகிறார்கள். உங்கள் போர்டு சிறிய அளவினதாக இருந்து, துளையில்லாத ஓர் இடத்தில் ஒரு தாங்கி நின்றால், அது போர்டின் பின்புறத்துப் பற்றவைப்புப் புள்ளிகளைத் தொட்டு மின்குறுக்கை உண்டாக்கும். போர்டை முழுவதுமாகக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

செம்புக்கம்பி (மூத்த உறுப்பினர்):
இந்த வகைக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விடை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பழக்கம் புதியவர்களுக்கு இல்லாததால் மறுபடியும் எழுத நேர்கிறது. கேபிள்களைக் கண்டபடி திணித்தால் உள்ளே காற்று ஓடாது, காற்று ஓடாவிட்டால் எல்லாமே சூடேறும். உட்புறப் படம் ஒன்றைப் போடுங்கள், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறேன். கம்பிகளைக் கட்டத் தெரியாதவர்கள் கண்ணாடிக் கேபினெட் வாங்காமல் இருப்பது நல்லது.

இரவுப்பணி:
ஒரு முக்கியமான எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையாக இருந்து, வேறொரு நிறுவனத்தின் கேபிள் எதையாவது அதில் செருகியிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கேபிளின் கருவிப்பக்க முனைகளுக்குத்தான் பொதுத்தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் வரும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது, ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளுக்கு இடையேகூட அது மாறும். செருகி கச்சிதமாகப் பொருந்திவிடும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்து வன்தட்டைப் பொசுக்கிவிடும். இன்னொன்று, விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று இருப்பதைப் பார்த்து அதையே காரணமாக எண்ண வேண்டாம். முறைப்படி மூடப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கடலோரன்:
எல்லோருக்கும் நன்றி. 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் தரச்சான்று பெற்றது, ஐந்து ஆண்டுகள் பழையது. மாடுலர் இல்லை, எல்லாக் கம்பிகளும் அதிலேயே நிலையாக இருப்பவை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு 8 முனைச் செருகி ஒன்றுதான். ரெண்டரிங் தொடங்கி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அணைகிறது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எழுவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல் எழுகிறது. புராசஸர் 72 டிகிரியைத் தாண்டவில்லை, கார்டும் அதே அளவில்தான் இருக்கிறது. தாங்கிகளை மாற்றும்போதே சரிபார்த்துவிட்டேன். படம் எடுக்க இப்போது நேரமில்லை.

நாலாம் மாடி:
நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் சாப்பாட்டு வரிதான் இவ்வளவு நேரம் தேவைப்பட்ட செய்தி. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு நொடியில் திடீரென்று அதிக மின்சாரத்தை இழுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதை அணைத்திருந்தால், பளு ஏறும் தறுவாயிலேயே அணைந்திருக்கும். பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால் உடனே எழுந்தும் இருக்கும். தாங்கியால் வரும் மின்குறுக்கு இருபது நிமிடம் காத்திருக்க வாய்ப்பு குறைவு. நேரம் எடுத்துக்கொண்டு அணைவதும், ஆறும் வரை எழ மறுப்பதும், மற்றப் பாகங்களின் வெப்பம் அளவோடு இருப்பதும் சேர்ந்தால், சூடு மிஞ்சினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும். அதன் உள்வெப்பம் நீங்கள் பார்க்கும் மென்பொருள்களில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே மூன்று கேள்விகள்: அதன் விசிறி மேல்நோக்கி இருக்கிறதா, கீழ்நோக்கி இருக்கிறதா? அதை மூடும் ஷ்ரவுட் தகட்டில் விசிறிக்கு நேராகத் துளைகள் உண்டா? கேபினெட் எதன்மேல் நிற்கிறது?

பழைய மரத்தடி:
எஸ்எம்பிஎஸ்ஸைக் கீழே கொண்டுபோனதே தேவையற்ற வேலை என்பது என் நெடுநாள் கருத்து. மேலே இருந்த காலத்தில் அது புராசஸரின் சூட்டையும் சேர்த்து இழுத்துப் பின்பக்கமாக வெளியேற்றியது. சூடு மேலேறும் என்ற இயற்கைக்கும் அது பொருந்தியது. இப்போது தரைத் தூசியை நேரடியாகத் தின்னும்படி அதை வைத்திருக்கிறார்கள்.

செம்புக்கம்பி:
ஐயா, அது உங்கள் நினைவில் இருக்கும் பொற்காலம். இன்டெல் 1995இல் கேபினெட், போர்டு, எஸ்எம்பிஎஸ் அமைப்புக்கான ஏடிஎக்ஸ் தரத்தை வெளியிட்டபோது எஸ்எம்பிஎஸ் விசிறி காற்றை உள்ளே புராசஸர்மீது ஊதுவதாகத்தான் எண்ணியிருந்தார்கள். தன் சூட்டையே புராசஸர்மேல் ஊதுவது சரிவராமல் போனதால்தான் வெளியே தள்ளும் முறை நிலைபெற்றது. அந்த முறையிலும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கிடைத்தது புராசஸர் சூடாக்கிக் கொடுத்த காற்றுதான். தரமான எஸ்எம்பிஎஸ் 50 டிகிரிக் காற்றிலும் முழுத் திறனைத் தரும் என உறுதியளிக்கப்படுகிறது. மலிவானவற்றின் உறுதிமொழி 40 டிகிரியோடு நின்றுவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, அதற்குப் புராசஸரின் சூட்டையும் சேர்த்து ஊட்டுவது அறிவுடைமை ஆகாது. 2005இல் வந்த ஆன்டெக் பி180 கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே தனி அறை கொடுத்தது இதை உணர்ந்துதான்.

பழைய மரத்தடி:
தனி அறை கொடுத்தது சரி, அந்த அறையை இப்போது எப்படி ஆக்கிவிட்டார்கள் என்பதே என் கேள்வி. 2014இல் என்இசட்எக்ஸ்டி எச்440 கேபினெட் வந்து, எஸ்எம்பிஎஸ்ஸையும் கம்பிக்குவியலையும் ஒரு தகட்டுக்குள் மறைத்துக் காட்டியபின், எல்லா நிறுவனங்களும் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டன. விலை குறைந்த கேபினெட்டுகளில் அந்த அறை, வேண்டாத கம்பிகளையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அடைக்கும் பரண் ஆகிவிட்டது. வெளியில் பார்த்தால் ஒழுங்கு, உள்ளே மூச்சுவிட இடமில்லை.

செம்புக்கம்பி:
அதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்? கேபிள்களைச் சரியாகக் கட்டினாலே பத்து டிகிரி குறையும்.

இரவுப்பணி:
பத்து டிகிரி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பக்க விசிறிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவே வன்தட்டுகளின் பட்டையான பழைய ஐடிஇ கேபிள்கள் திரைபோலத் தொங்கிய காலத்தில் அந்தப் பேச்சுக்குப் பொருள் இருந்தது. இன்றைய மெல்லிய சாட்டா கேபிள்கள் நாலைந்து குறுக்கே போவதால் காற்றோட்டம் குறிப்பிடும்படியாகக் குறைவதில்லை. அழகுக்காகவும், கம்பி விசிறியில் சிக்காமல் இருக்கவும், பின்னாளில் ஒரு பாகத்தைக் கழற்றும்போது கை எளிதாக நுழையவும் கட்டுகிறோம் என்று சொன்னால் அது நேர்மையான காரணம்.

செம்புக்கம்பி:
நீங்கள் எத்தனை கணினிகளை அளந்து பார்த்துவிட்டு இதைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

இரவுப்பணி:
பத்து டிகிரி என்று எண் சொன்னவர்தானே முதலில் அளவைக் காட்ட வேண்டும்?

கடலோரன்:
விசிறி மேல்நோக்கி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பெயர் எழுத்துகள் பக்கவாட்டில் நேராகத் தெரியும்படி பொருத்தினேன். தகட்டில் முன்பகுதியில் மட்டும் துளைகள் உள்ளன, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மேலே தட்டையாக அடைத்திருக்கிறது. மிச்சக் கம்பிகள் நிறைய இருந்ததால் தகட்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இடையில் மடித்து வைத்திருக்கிறேன். கேபினெட் தரையில், கம்பளத்தின்மேல் இருக்கிறது. புராசஸருக்குப் போகும் 8 முனைக் கேபிள் பின்பக்கமாக எட்டாததால் போர்டின்மேல் குறுக்கே போகிறது, அதனால் ஏதும் ஆகுமா?

நாலாம் மாடி:
காரணம் ஏறத்தாழ உறுதி. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பின்பக்க வலைவழியே தள்ளுகிறது. அது இழுக்கும் வாய்க்கு எதிரே ஒரு முழுத்தகடும், இடையில் இருந்த சிறு இடைவெளியில் கம்பிக்குவியலும் இருந்தால், சூடான காற்றையே அது சுற்றிச் சுற்றி மெல்லும். மேலே இருப்பதா கீழே இருப்பதா என்ற விவாதத்தைவிட, அந்த விசிறி எங்கிருந்து காற்றெடுக்கிறது என்பதைப் பாருங்கள்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பின்பக்கத்து நான்கு திருகுகளையும் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸை விசிறி தரையைப் பார்க்கும்படி திருப்புங்கள். பெரும்பாலான கேபினெட்டுகளில் இரு விதமாகவும் பொருத்தத் துளைகள் இருக்கும். எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தால் தெரியட்டும். கேபினெட்டின் அடித்தட்டில் அந்த விசிறிக்கு நேராக வலையும் தூசி வடிகட்டியும் இருப்பதை உறுதி செய்யுங்கள். அதன்பின் கம்பளத்திலிருந்து எடுத்து ஒரு பலகைமேலோ மேசைமேலோ வையுங்கள். கம்பளத்தில் கால்கள் புதைந்தால் அடிவலை அடைபட்டு, திருப்பிய பயன் கெட்டுவிடும். கம்பளத்தைவிட்டு நகர்த்தவே வழியில்லை என்றால் மட்டும் விசிறி மேலே இருக்கலாம், அதற்கும் துளையுள்ள தகடு வேண்டும்.

மிச்சக் கம்பிகளை எஸ்எம்பிஎஸ்ஸின் முன்னால், வன்தட்டுக்கூடு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் 3.5 அங்குல வன்தட்டு வைத்திராவிட்டால் அந்தக் கூட்டையே கழற்றிவிடலாம். பல கேபினெட்டுகளில் அடிப்பக்கத்திலிருந்து சில திருகுகளை எடுத்தாலே வந்துவிடும். எஸ்எம்பிஎஸ் வழக்கமான 140 மில்லிமீட்டர் நீளம் கொண்டதாக இருந்தால் அதன்பின் கம்பிகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

திருகாணி:
போர்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். போர்டுக்கு மின்சாரம் தரும் 24 முனைக் கேபிளை மற்றக் கம்பிகளின்மேல் குறுக்கே போட்டால் பக்கக்கதவு மூடாது, மூடினாலும் வயிறு தள்ளி நிற்கும். தடித்த கேபிளை முதலில் ஓரமாக ஓட்டிவிட்டு, மெல்லியவற்றை அதன் பக்கத்தில் வரிசையாக வைத்து, பிளாஸ்டிக் ஜிப் டைக்குப் பதிலாக வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். மீண்டும் பிரிக்கும்போது கத்தியைத் தேட வேண்டியிராது. ஜிப் டையை வெட்டப்போய்க் கம்பியையே வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி:
புராசஸர் கேபிள் பற்றி: எஸ்எம்பிஎஸ் மேலே இருக்கும் கேபினெட்டில் அந்தக் கேபிள் ஒரு சாண் தூரம் போனால் போதும். கீழே வைத்தபின் அது அடித்தட்டிலிருந்து போர்டின் பின்பக்கமாக ஏறி, மேல் இடது மூலைத் துளைவழியே திரும்பி வர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் தேவைப்படும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் அவ்வளவு நீளம் கொடுத்திருக்க மாட்டார்கள். போர்டின்மேல் குறுக்கே போவதால் மின்சாரத்துக்கு ஒன்றும் ஆகாது, புராசஸர் விசிறியைத் தொடாமலும் இழுத்துப் பிடித்தது போல் இறுக்கமாக இல்லாமலும் இருந்தால் போதும். பின்னால் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் தடித்த கம்பியால் ஆன நீட்டிப்புக் கேபிள் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புராசஸரின் 8 முனையும் கிராஃபிக்ஸ் கார்டின் 8 முனையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் முன்னதில் நான்கு 12 வோல்ட் கம்பிகள், பின்னதில் மூன்றுதான். அவற்றின் வரிசையும் நேர்மாறானது. ஆகையால் கடைக்காரரிடம் 8 முனை என்று மட்டும் கேட்காமல் புராசஸருக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

பழைய மரத்தடி:
தம்பி, ஐந்து ஆண்டு உழைத்த பிரான்ஸ் தர எஸ்எம்பிஎஸ் இவ்வளவு சூட்டைத் தாங்கியிருக்கிறது. திருப்பிப் பொருத்தியபின்னும் ஒருமுறை அணைந்தாலும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் விரைவாக முதுமையடையும். கல்யாண வீடியோவை முதலில் வெளி வன்தட்டில் ஒரு படி எடுத்து வையுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

கடலோரன்:
திருப்பிவிட்டேன், கம்பிக்குவியலை முன்னால் நகர்த்திவிட்டேன், மேசைமேல் வைத்துவிட்டேன். ரெண்டரிங் ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அணையவில்லை. எல்லோருக்கும் நன்றி, வேலையை முடித்துவிட்டு வருகிறேன்.

செம்புக்கம்பி:
கம்பிக்குவியலை எடுத்ததும் சரியாகிவிட்டது என்பதை இரவுப்பணி அவர்கள் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இரவுப்பணி:
விசிறியின் வாயை அடைத்திருந்த குவியலை எடுத்ததும், விசிறியைத் திருப்பியதும், கம்பளத்திலிருந்து தூக்கியதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. எது எத்தனை டிகிரியைக் குறைத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, உங்களாலும்.

நாலாம் மாடி:
கடலோரன் அவர்களுக்கு, மீண்டும் வரும்போது ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் கேபினெட்டின் அடிவடிகட்டி முன்பக்கமாக இழுத்து எடுப்பதா, பின்பக்கமாக எடுப்பதா? பின்பக்கம் என்றால் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். எடுக்கச் சிரமமாக இருக்கும் வடிகட்டியை யாரும் கழுவுவதில்லை. அடுத்த கோடையில் அது தூசியால் அடைபட்டால், முன்பு அந்தத் தகடும் கம்பிக்குவியலும் செய்த வேலையை அதுவே செய்துவிடும்.